இழுவலைக்குள் ஒரு கம்பிச் சட்டம்: இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிய நிகழ்வு

இந்தியக் கடலில் இழுவலை போட்டுப் பிடித்த இறால் 2019 முதல் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. காரணம் நோய்க்கிருமியோ மருந்து எச்சமோ சுங்கவரியோ அல்ல. கடலாமை சிக்கினால் தப்பிச் செல்ல வழிவிடும் ஒரு கம்பிச் சட்டம் நம் விசைப்படகுகளின் வலைகளில் இல்லை என்பதுதான்.

ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்தால் இந்தத் தடை கண்ணில் படாது. 2023-24 நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 7.16 லட்சம் டன் உறைந்த இறாலை விற்று 488 கோடி டாலர் ஈட்டியது. அதில் அமெரிக்கா மட்டும் 2.97 லட்சம் டன்னுக்கு மேல் வாங்கியது. அமெரிக்கா வாங்கியது அத்தனையும் பண்ணையில் வளர்ந்த இறால், பெரும்பகுதி வனாமி என்னும் வளர்ப்பு இனம். 2009இல் வனாமி வளர்ப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு ஆந்திராவின் குளங்கள் ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்திவிட்டன. அதனால் கடல் இறால் அமெரிக்கச் சந்தையை இழந்தபோது நாட்டின் மொத்த வருமானத்தில் பள்ளம் எதுவும் விழவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் படகுக்காரர்கள், ஏலக்கூடத்து வியாபாரிகள், இறால் உரிக்கும் கூடங்களில் வேலை பார்க்கும் பெண்கள். ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பண்ணைச் சரக்கு இருந்தது. இவர்களுக்கு மாற்று இல்லை. இந்தச் சிக்கல் இத்தனை ஆண்டு தீராமல் கிடந்ததற்குத் தொழில்நுட்பத்தைவிட இந்த ஏற்றத்தாழ்வே பெரிய காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

அமெரிக்கச் சட்டம் எங்கிருந்து வந்தது

1989இல் அமெரிக்கா நிறைவேற்றிய பொதுச்சட்டம் 101-162இன் 609ஆம் பிரிவுதான் தொடக்கம். அமெரிக்க இறால் படகுகள் இந்தக் கம்பிச் சட்டம் கொண்ட ஆமை விலக்குச் சாதனம் ('டெட்') பொருத்தியாக வேண்டும் என்ற நிலை அதற்கு முன்பே வந்துவிட்டது. செலவு எங்களுக்கு மட்டும்தானா, இறக்குமதிக்கு இல்லையா என்று அந்த மீனவர்கள் கேட்டார்கள். அதற்கான பதிலாக வந்தது 609. முதலில் மேற்கு அட்லாண்டிக், கரீபியன் பகுதி நாடுகளுக்கு மட்டும் அது பொருந்தியது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட, 1995 டிசம்பரில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அதை உலகம் முழுவதற்கும் விரிக்கச் சொன்னது. 1996 மே மாதம் முதல் இந்தியாவும் அதற்குள் வந்தது.

அதே ஆண்டு இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்புச் சொன்னது. நம் ஊர்ப் பேச்சில் இது இன்றும் 'நாம் வென்ற வழக்கு'. பாதிதான் உண்மை. கடலாமையைக் காப்பதற்காக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் நோக்கம் செல்லும் என்றுதான் குழு சொன்னது. அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்திய விதம் பாகுபாடானது என்பதே குற்றச்சாட்டு: எல்லா நாடுகளும் தன்னுடைய முறையையே அப்படியே பின்பற்ற வேண்டும் என்று கேட்டது, சில நாடுகளுக்கு மட்டும் அவகாசமும் பேச்சுவார்த்தையும் கொடுத்தது. 1999இல் அமெரிக்கா விதிகளைத் திருத்தியது. 'இதே முறை' என்பது 'இதற்கு ஈடான பலன் தரும் முறை' ஆயிற்று. திருத்தியதும் போதாது என்று மலேசியா மட்டும் மறுபடி போனது, 2001இல் தோற்றது. வழக்காடித் தீர்க்கும் வழி அத்துடன் முடிந்தது. அதற்குப் பிறகு மிச்சமிருந்தது படகில் செய்ய வேண்டிய வேலை மட்டும்.

ஆண்டுதோறும் மே முதல் தேதியையொட்டி எந்தெந்த நாடுகள் தகுதி பெற்றவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவிக்கும். அதன் ஆட்களும் தேசிய கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் (நோவா) வலை நிபுணர்களும் துறைமுகத்துக்கு வந்து வலையை விரித்து அளப்பார்கள். அவர்கள் அளப்பது சாதனத்தை மட்டுமல்ல. மீறியவருக்கு அபராதம் போட்ட பதிவேடு உண்டா, கடலில் சோதனை நடக்கிறதா என்றும் கேட்பார்கள். சான்று படகுக்குக் கிடைப்பதில்லை, நாட்டுக்குக் கிடைப்பது. ஒரு துறைமுகத்தில் நூறு படகு ஒழுங்காக இருந்தும் அடுத்த துறைமுகத்தில் வலை வெறுமையாக இருந்தால் நூறு பேரின் உழைப்பும் வீண்.

சான்று இல்லாத நாட்டிலிருந்தும் சில வகை இறால் போகலாம். ஒவ்வொரு சரக்குடனும் டி.எஸ்.-2031 என்ற உறுதிமொழிப் படிவம் போக வேண்டும். பண்ணை இறாலானால் பிடிப்பதற்கு முன் குறைந்தது 30 நாள் குளத்தில் இருந்திருக்க வேண்டும். இயந்திரத்தால் வலையை இழுக்காமல் கையால் பிடித்த இறாலுக்கும் தனிக் கட்டம் உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் நம் இறால் முழுவதும் பண்ணைக்கான கட்டத்தில் டிக் போட்டுத்தான் போகிறது.

சட்டகம்: அளவும் கோணமும்

சாதனத்தின் உறுப்புகள் குறைவு. வட்டமோ நீள்வட்டமோ ஆன உலோக வளையம். அதில் செங்குத்தாகப் பற்றவைத்த கம்பிகள். அதைத் தாங்கும் குழல் வடிவ வலைத்துண்டு. ஆமை வெளியேறும் வாய். வாயை மூடும் வலை மடல். இந்தக் குழல், இழுவலையின் உடலுக்கும் மீன் சேரும் கடைப்பைக்கும் நடுவே தைக்கப்படும். இறாலும் சிறு மீனும் கம்பி இடுக்கில் புகுந்து கடைப்பைக்குப் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சரிவின் வழியே நகர்ந்து, மடலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஃப்ட்) நம் சிறு, நடுத்தர விசைப்படகுகளுக்கென்று வடிவமைத்தது மேல்வாய்ச் சாதனம், அதாவது ஆமை மேற்பக்கமாக வெளியேறுவது. சட்டம் 1000 மி.மீ. உயரம், 800 மி.மீ. அகலம்; துருப்பிடிக்காத எஃகு; ஐந்து கம்பிகள்; இடைவெளி ஏறத்தாழ 14 செ.மீ. சோதனை இழுப்புகளில் இறால் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், மற்ற மீன் இழப்பு 2.44 முதல் 3.27 சதவீதம் வரையும் பதிவாயின. நம் கடலில் பெரும்பாலும் சிக்கும் பங்குனி ஆமையின் ஓடு 60 முதல் 70 செ.மீ. இருக்கும், அதைத் தடுக்க 14 செ.மீ. இடைவெளி போதும். ஆனால் அமெரிக்க விதி ஒத்துக்கொள்ளும் அதிகபட்ச இடைவெளி 4 அங்குலம், அதாவது 10.2 செ.மீ. குட்டி ஆமைகளையும் வேறு இனங்களையும் எண்ணி வைத்த அளவு அது. வெளியேறும் வாயும் அப்படித்தான். தோணியாமை போன்ற பெரிய உடல் நுழைய வேண்டும் என்பதற்காக 2003இல் வாயை அகலப்படுத்தினார்கள், ஒற்றை மடல் வைத்தால் வாயை இழுத்து அளக்கையில் 71 அங்குலம் (180 செ.மீ.) இருக்க வேண்டும். மடல் சட்டத்தின் பின்விளிம்பைத் தாண்டி 24 அங்குலத்துக்கு (61 செ.மீ.) மேல் நீளக் கூடாது. நமக்குப் போதுமான சாதனம், வாங்குபவரின் அளவுகோலில் தேறாமல் போகலாம் என்பதை நம் தரப்பு உணர்ந்து நோவாவோடு சேர்ந்து புதிய வடிவச் சோதனையில் இறங்கியதற்கு நெடுநாள் ஆயிற்று.

எல்லாவற்றையும்விட அதிகம் பிசகுவது கோணம். விதி சொல்வது 30 முதல் 55 பாகை. பட்டறையில் 45இல் பொருத்துவது நல்லது, ஏனென்றால் புதுவலை சில இழுப்புகளில் நீண்டுகொடுக்கும், கோணம் மாறும். அளக்கக் கோணமானி கட்டாயமில்லை. குழலை நீளவாக்கில் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டு, சட்டத்தின் அடிமுனைக்கும் மேல்முனைக்கும் குழல் நெடுக உள்ள தள்ளிவைப்பை அளந்தால் போதும். 100 செ.மீ. உயரச் சட்டத்துக்குத் தள்ளிவைப்பு 71 செ.மீ. என்றால் 45 பாகை. 57 செ.மீ.க்குக் கீழே போனால் 55 பாகையைத் தாண்டி நிமிர்ந்துவிட்டது, 87 செ.மீ.க்கு மேல் போனால் 30க்குக் கீழே படுத்துவிட்டது. மேல்வாய்ச் சாதனத்தில் சட்டத்தின் தலை கடைப்பைப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தலைகீழாகத் தைத்தால் ஆமை மேலே நகராமல் அடியில் போய்ச் செருகிக்கொள்ளும்.

நிமிர்ந்த சட்டத்தில் ஆமை சரியாமல் நீரோட்ட விசையில் கம்பியோடு ஒட்டி நிற்கும். சொறிமீனும் பிளாஸ்டிக்கும் அதேபோல் ஒட்டி இடுக்கை அடைக்கும். அடைத்த சட்டம் நீரை வாய்ப்பக்கம் திருப்பிவிடும், மடல் தூக்கும், இறால் வெளியே கொட்டும். 'டெட் போட்டால் பாதி இறால் போச்சு' என்று படகில் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட சட்டமோ தளர்ந்த மடலோதான். மிகவும் படுத்த சட்டத்திலும் இறால் சரிவில் ஏறி மடல்வரை போய்விடுகிறது. கல்லும் சிப்பியும் கட்டையும் நிறைந்த தரையில் மேல்வாயைவிடக் கீழ்வாய் பொருந்தும், குப்பை தானே விழுந்துவிடும். ஆனால் கீழ்வாய்க்கு மிதவை கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் குழல் தரையில் உரசி மடல் திறக்காது.

இன்னும் சில சிறு பிசகுகள். மடலின் ஓரத்தை நைலான் நூலால் 'கொஞ்சம்' தைத்துவிடுவது; சாதனம் வலையில் இருக்கும், வழி இருக்காது. ஆய்வாளர்கள் முதலில் கை வைத்துப் பார்ப்பது இங்கேதான். வளைந்த கம்பியை நிமிர்த்தாமல் விடுவது. இரண்டு கம்பிக்கு நடுவே ஓரிடத்தில் 4 அங்குலம் தாண்டினாலும் சாதனம் தேறாது. கடைப்பையைச் சட்டத்துக்கு மிக அருகே தொடங்குவது. மீன் நிரம்பி வலையைத் தூக்கும்போது பின்னோக்கி வழிந்து மடல் வழியே போய்விடும்.

சாதனம் இல்லாத வலையில் ஆமை ஏன் சாகிறது என்பது எளிது. ஓய்வில் இருக்கும் ஆமை நெடுநேரம் மூச்சடக்கும். வலைக்குள் போராடும்போது உடலின் ஆக்சிஜன் சில நிமிடங்களில் கரைந்து, இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். இழுப்பு மணிக்கணக்கில் நீண்டால் பிழைப்பது அரிது. மயங்கிய நிலையில் மேலே வந்தால் உடனே கடலில் தள்ளிவிடக் கூடாது, மூழ்கிச் சாகும். வயிற்றுப்பக்கம் கீழே இருக்க வைத்து, பின்பகுதியைக் குறைந்தது 15 செ.மீ. உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி 4 மணி முதல் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நுரையீரல் நீர் வடிந்து அசையத் தொடங்கியதும், இன்ஜின் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வலை நீரில் இல்லாதபோது விட வேண்டும்.

படகில் ஏன் தங்கவில்லை

சாதனங்கள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் பல மாநிலங்களில் இலவசமாகக் கொடுத்தது. பயிற்சி நடந்தது. விதிகளிலும் ஏறியது. பெரும்பாலானவை துறைமுகத்து வலைக்கொட்டகைகளில் தங்கிவிட்டன.

'விழிப்புணர்வுக் குறைவு' என்று அறிக்கைகள் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். எங்கள் பார்வையில் சிக்கல் வலையின் பொருளாதாரத்தில் இருக்கிறது. அமெரிக்கப் படகுகள் போகும் மெக்சிகோ வளைகுடாவில் இழுவலைப் படகு இறாலுக்காக மட்டும் போகிறது. கூட வரும் மீனில் பெரும்பகுதியைக் கடலிலேயே கொட்டிவிடும். பெரிய மீனும் குப்பையும் வெளியேறினால் அங்கே படகுக்கு லாபம்: வலை இலேசாகும், இறால் நசுங்காது. இந்திய விசைப்படகு அப்படிப்பட்டதல்ல. இறாலோடு கணவாய், சங்கரா, திருக்கை, வஞ்சிரம், எல்லாம் காசு. எதற்கும் உதவாத சிறு மீன்கூட மீன்தூள் ஆலைக்குப் போகிறது. கம்பி இடைவெளி 10 செ.மீ. என்றால் வாய் வழியே போவது வலையிலேயே பெரிய உடல்கள்: அகன்ற திருக்கை, பருத்த பாறை, பெரிய சுறா. மொத்த எடையில் 3 சதவீதம் என்று பதிவாகும் இழப்பு, காசுக் கணக்கில் அதைவிட அதிகமாக இருக்கும். பங்கு முறையில் கூலி வாங்கும் ஸ்ராங்குக்கும் (படகை ஓட்டுபவர்) ஆட்களுக்கும் அந்த இழப்பு அன்றைக்கே கையில் தெரியும். அமெரிக்கச் சந்தை திறந்தால் ஏலத்தில் கிலோவுக்குக் கூடுதலாக வரக்கூடிய காசு, எப்போதோ, எல்லாப் படகும் ஒழுங்காக இருந்தால், தகுதிச் சான்று வந்த பிறகு வரும். ஒரு படகுக்காரர் இந்த இரண்டையும் எடை போட்டு மடலைத் தைத்தால் அவரை அறியாதவர் என்று சொல்ல முடியாது.

அரசமைப்பும் ஒரு முடிச்சு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலங்களின் பொறுப்பு. அதற்கு அப்பால் ஒன்றிய அரசு. ஏற்றுமதியும் பன்னாட்டுப் பேச்சும் ஒன்றியத்தின் கையில். ஆக, அமெரிக்காவுக்குப் பதில் சொல்பவர் ஒருவர், கடலில் வலையைச் சோதிக்க வேண்டியவர் இன்னொருவர். மாநில மீன்துறைக்கோ ரோந்துப் படகும் ஆளும் குறைவு. சந்தை இழப்பு அதன் வரவுசெலவுக் கணக்கில் வராது.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பங்குனி ஆமை முட்டையிடக் கரையொதுங்கும் காலமோ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மீன் இனப்பெருக்கத்தை எண்ணி வைத்த தடைக்காலம், ஆமை போன பிறகு தொடங்குகிறது. ஆகவே ஆமைக்கு இருக்கும் ஒரே காப்பு அந்த 5 மைல் எல்லை. இறால் இருப்பதும் அந்தக் குறைந்த ஆழத்தில்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. எல்லை மீறலும் சாதனம் இல்லாத வலையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒடிசா வேறு வழியில் போனது. கஹிர்மாதாவை 1997இல் கடல் சரணாலயமாக்கியது. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களில் நவம்பர் முதல் மே வரை மீன்பிடித் தடை விதிக்கிறது. ஆமையின் காலத்தோடு பொருந்தும் தடை அது. ஆனாலும் அமெரிக்கச் சான்றுக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் மற்ற இடங்களிலும் இழுவலை ஓடுகிறது.

சரக்கு போகும் பாதை

தடைக்குப் பிறகு கடல் இறால் ஜப்பான், சீனா, ஐரோப்பா, தென்கிழக்காசியா என்று திரும்பியது. கேரளத்தின் கரிக்காடி, பூவாலன் போன்ற சிறு இறால்கள் உரித்த சரக்காகத்தான் பெரும்பாலும் விற்கும். வாங்குபவர்களில் ஒருவர் விலகினால் மிச்சமிருப்பவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்தக் குறைவு ஏற்றுமதியாளரிடம் நிற்காமல் ஏலம் வரை இறங்கும். உரிப்புக் கூலி கிலோ கணக்கில் என்பதால் சரக்கு குறைந்த நாளில் பெண்களின் வருமானமும் குறையும்.

பதப்படுத்தும் ஆலைக்கும் ஒரு வேலை கூடியது. ஒரே கூரைக்குள் பண்ணைச் சரக்கும் கடல் சரக்கும் வந்தால், வரவு எண் தொடங்கி, கழுவும் தொட்டி, தரம் பிரிக்கும் மேசை, உறையறை, பெட்டி அடையாளம் வரை இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பண்ணைச் சரக்குக்குக் குளத்தின் பதிவெண், பிடிப்புக்கு முந்தைய மருந்து எச்சச் சோதனைச் சான்று இரண்டும் உண்டு. கடல் சரக்குக்குப் படகின் பெயரும் இறங்கிய துறைமுகமும் வேண்டும். ஐரோப்பாவுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழும் கட்டாயம். இந்தப் பதிவுகளில் பலவீனமானது ஏலக்கூடம். நாலைந்து படகின் சரக்கை வியாபாரி ஒன்றாகக் கூடையில் கொட்டிய நிமிடத்திலேயே, எது சாதனம் பொருத்திய வலையில் வந்தது என்பதைச் சொல்ல வழியில்லாமல் போகிறது.

திறக்கக்கூடிய கதவு

நாடு முழுவதற்கும் ஒரே சான்று என்பதையே இலக்காக வைத்தால், குஜராத்தின் கடைசிப் படகு தயாராகும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அமெரிக்க நடைமுறையில் வேறு வழி இருக்கிறது. நாட்டுக்குத் தகுதி இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஒரு மீன்பிடிப்பகுதியைத் தனியாக ஆராய்ந்து அங்கிருந்து வரும் இறாலை ஏற்றுக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் மீன்பிடிப்பும் ஸ்பென்சர் வளைகுடா மீன்பிடிப்பும் இப்படித்தான் நுழைந்தன. அந்தச் சரக்கின் டி.எஸ்.-2031 படிவத்தில் அரசு அலுவலரும் கையெழுத்திட வேண்டும்.

இந்தியாவில் இதைத் தொடங்க எந்த இடம் என்று கேட்டால், பல மீன் கலந்த வருமானத்தை நம்பும் துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டோம். இறாலே வருமானத்தின் முதுகெலும்பாக உள்ள, ஒரு நாளில் போய்த் திரும்பும் படகுகள் உள்ள, இறங்குதுறை ஒன்றிரண்டுக்குள் அடங்கும் இடம் வேண்டும். கேரளத்தின் கரிக்காடிப் பருவம் அதற்குப் பொருத்தமாகத் தெரிகிறது: தென்மேற்குப் பருவமழை நேரத்து இழுவலைத் தடை முடிந்து படகுகள் இறங்கும் மாதங்களில் இறால் வரத்து மிகுதி, பங்குனி ஆமைகள் கூட்டமாக வரும் ஒடிசாக் கரையோடு ஒப்பிட்டால் மோதலும் குறைவு.

அமெரிக்காவிடம் கொடுக்கும் கோப்பில் இருக்க வேண்டியவை இவை. படகுவாரியாகச் சாதனத்தின் எண், பொருத்திய நாள், கோண அளவு. பருவத்துக்குள் குறைந்தது இருமுறை மறு அளவு, ஏனென்றால் வலை நீளும். கடலில் ஏறிச் சோதித்த நாட்களின் பதிவு, மீறலுக்குப் போட்ட அபராத ரசீதுகளுடன்; ஒரு மீறல்கூட இல்லாத பதிவேட்டை எந்த ஆய்வாளரும் நம்ப மாட்டார். சாதனம் பொருத்திய படகுகளின் சரக்குக்கு ஏலத்தில் தனி வரிசை, தனி நிறக் கூடை. அந்தக் கூடைக்கு ஆலை கிலோவுக்குக் கூடுதல் விலை தருவதாக எழுத்தில் ஒப்பந்தம். பருவம் தொடங்கும் முன்பே இந்தக் கடைசித் தாள் கையெழுத்தாகாவிட்டால், மற்ற தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் மடல்கள் மறுபடி தைக்கப்படும்.